காணாமல் போன இரண்டு முட்டுகள்

"மாப்ள, அந்தப் படகுக் காலை நல்லாப் பாருங்க. என்ன தெரியுது?"

மாமா இப்படிக் கேட்டபோது நாங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால், விபத்து வண்டிகளை நிறுத்தி வைக்கும் பொட்டலில் நின்றிருந்தோம். காலை பதினொரு மணி. ஒரு டிரெய்லர் மேல் உட்கார்ந்திருந்த வெள்ளைப் படகின் பின்புறத்தை அவர் விரல் நீட்டிக் காட்டினார்.

"உடைஞ்சிருக்கு," என்றேன்.

"அது என் பேத்திக்கே தெரியும்."

"உங்க பேத்தி என் பொண்ணுதானே மாமா. அறிவு எங்கேருந்து வந்திருக்கும்?"

"அவ அம்மா வழியா," என்று சொல்லிவிட்டு மாமா குனிந்தார்.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தவர். ரிடையர் ஆனதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பறியும் ஆபீஸ் ஒன்றைத் திறந்தார். அதே மாதம் எனக்கு வேலை போனது. "வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்காதீங்க, அப்பா ஆபீஸில் போய் அவர் உயிரை வாங்குங்க" என்று என் மனைவி அனுப்பி வைத்தாள். அன்றிலிருந்து நான் உதவியாளன். மாமா திட்டும்போதுகூட வாங்க, போங்க என்று மரியாதையாகத்தான் திட்டுவார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எங்களை அழைத்து வந்தவர் பக்கத்தில் நின்றிருந்தார். முப்பது வயது இருக்கும். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். கேஸ் அவருடைய அக்கா மேல்.

அந்த அக்காவை ஏரிப் பக்கம் எல்லாரும் 'கொக்கி அக்கா' என்பார்கள். சொந்த பிக்கப் வண்டியில் மற்றவர்களின் படகுகளை இழுத்துப் போய்த் தண்ணீரில் இறக்கிவிடுவது அவர் தொழில். பதினேழு வருஷத்தில் ஒரு டிரெய்லர்கூட அவர் கொக்கியிலிருந்து கழன்றதில்லையாம். முந்தாநாள் காலை அவர் இழுத்துப் போன இந்தப் படகின் கால், வேகத்தடையில் மோதி உடைந்தது. உடைந்த துண்டு பின்னால் வந்த டூவீலர்காரர் மேல் பறந்து விழுந்தது. வண்டியோடு சாய்ந்த அந்த மனிதருக்குத் தலையில் அடி. இன்னும் கண் திறக்கவில்லை.

போலீஸ் கேட்டதற்குக் கொக்கி அக்கா ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார். "முட்டு மாட்ட மறந்துட்டேன். தப்பு என்னுது." இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போடப் போகிறார். நாளைக்குக் கோர்ட். டூவீலர்காரர் பிழைக்காவிட்டால் அக்காவுக்கு ஜெயில்தான். பிழைத்தாலும் இனி அவரை நம்பி யாரும் படகைக் கொடுக்கப் போவதில்லை.

"அக்கா மறக்கல சார்," என்றார் தம்பி, நாலாவது தடவையாக. "கிளம்பும்போது ரெண்டு பக்கமும் மாட்டினா. என் கண்ணால பாத்தேன். சும்மா பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறா."

"ஏன் போட்டுக்கணும்?" என்றேன்.

"அதை நீங்கதான் சார் கண்டுபிடிக்கணும்."

படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற அளவுதான். அதனால் தம்பி பொறுமையாக விளக்கினார். இந்த ரகப் படகில் எஞ்சின் உள்ளே இருக்கும். அதிலிருந்து ஒரு கால் பின்பக்கமாக வெளியே வந்து தொங்கும். டிரைவ் என்று பெயர். சுழலும் விசிறி அதன் நுனியில் இருக்கிறது. தண்ணீரில் அது கீழே இறங்கியிருக்க வேண்டும். ரோட்டில் இழுக்கும்போது மேலே தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையில் தட்டும். தூக்குவதற்கு இரண்டு பக்கமும் எண்ணெயில் வேலை செய்கிற ஜாக்கி உண்டு. டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்குமே, அந்த மாதிரி, ஆனால் சின்னது.

"அப்ப ஜாக்கியே தாங்கிக்குமே?"

"கொஞ்ச நேரம் தாங்கும் சார். ரோட்டுல குலுங்கிக் குலுங்கி எண்ணெய் பின்னாடி கசியும். கால் நமக்குத் தெரியாமலே இறங்கிக்கிட்டு வரும். அதுக்குத்தான் முட்டு. ஜாக்கித் தண்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குமில்ல, அது மேல ஒரு கெட்டிக் குழாயை மாட்டிடுவோம். குழாய் குறுக்க நிக்கிற வரைக்கும் தண்டு உள்ள போகாது. கால் இறங்காது."

"எப்படி மாட்டுவீங்க? கையால காட்டுங்க," என்றார் மாமா.

"நீளவாக்குல பொளந்த குழாய் சார். இப்படி..." தம்பி கட்டைவிரலை ஓரத்தில் கொடுத்து நெம்பி, தன் பக்கமாகப் படக்கென்று ஒரு இழு இழுத்துக் காட்டினார்.

மாமா தலையை ஆட்டினார். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

"அந்தக் குழாய் ரெண்டும் இப்ப எங்க?"

"அதான் சார் இல்ல. வண்டியில இல்ல, ரோட்டுலயும் இல்ல. அதனாலதான் மாட்டவே இல்லன்னு போலீஸும் நம்பிடுச்சு."

"பட்டறையிலேருந்து ஏரி வரைக்கும் ரோடு எப்படி?"

"அதை ஏன் கேக்கறீங்க. முப்பது கிலோமீட்டரும் தோண்டிப் போட்டிருக்காங்க. அன்னிக்கு மழை வேற. ஏரியைச் சுத்திப் போற ரோடு மட்டும் புதுசாப் போட்ட தார்."

பார்த்தாலே தெரிந்தது. படகின் பின்பக்கம் முழுக்கக் காய்ந்த சேறு அப்பியிருந்தது. டிரெய்லர் சக்கரம் வாரி அடித்த சேறு. கால், ஜாக்கியின் வெளி உடம்பு, பதிவு எண் எதையும் அது விட்டு வைக்கவில்லை.

மாமா பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அத்தை இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்த வெள்ளைக் கைக்குட்டை. அதை விரலில் சுற்றிக்கொண்டு, ஜாக்கித் தண்டு உள்ளே நுழைகிற வாயைச் சுற்றி நன்றாகத் துடைத்தார். விரித்துப் பார்த்தார். ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

"அத்தை சந்தோஷப்படுவாங்க," என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு யோசிங்க மாப்ள. இந்த ஜாக்கி வாயில ஒரு ரப்பர் உதடு இருக்கு. தண்டு உள்ள போகும்போது மேல ஒட்டின அழுக்கையெல்லாம் அது வழிச்சு வெளிய தள்ளிடும். முட்டு மாட்டாம முப்பது கிலோமீட்டர் சேத்துல வந்திருந்தா தண்டு பூராச் சேறு இருக்கும். கால் இறங்கித் தண்டு உள்ள போனப்ப அவ்வளவு சேறும் இங்க ஒரு வளையமா நின்னிருக்கணும். எங்க அந்த வளையம்?"

"இல்ல."

"ஏன் இல்ல?"

"தண்டுல சேறே படல. ஏன்னா..." எனக்கே சட்டென்று உறைத்தது. "அட! மேல குழாய் மூடியிருந்துச்சு!"

"அவ்வளவுதான். முப்பது கிலோமீட்டரும் முட்டு அதோட இடத்துல இருந்திருக்கு. உங்க அக்கா மறக்கல தம்பி."

தம்பி துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமா அதற்குள் முழங்காலை ஊன்றிப் படகின் அடியில் தலையை நுழைத்திருந்தார். கால் மாட்டியிருக்கும் பலகையின் அடியில் ஒரு பித்தளைத் திருகு.

"இது என்ன தம்பி?"

"தண்ணி வடியற ஓட்டைக்கு மூடி சார்."

"ரோட்டுல இழுக்கும்போது இதைப் போட்டு வைப்பீங்களா?"

"இல்ல சார், கழட்டிடுவோம். உள்ள விழற மழைத் தண்ணி வடியணுமே. ஏரியில இறக்கறதுக்கு முன்னாடிதான் போடுவோம்."

"இப்ப போட்டிருக்கே."

தம்பி குனிந்து அந்த மூடியைப் பார்த்தார்.

"வழியில எங்க நிறுத்தினீங்க?"

"முதல்ல பக்கத்துத் துறைக்குத்தான் போனோம். சரிவுல பாசி புடிச்சிருக்குன்னு அன்னிக்குக் காலையிலதான் பூட்டியிருக்காங்க. பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு துறை இருக்கு, அங்க போங்கன்னாங்க. திருப்பிட்டோம். அந்த ரோட்டுலதான்..."

"நீங்க வண்டியை விட்டு இறங்கினீங்களா?"

"இல்ல சார். நான் இறங்கல." சொல்லும்போது அவர் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. நீங்க அக்கா கூட இருங்க. நாங்க வர்றோம்," என்றார் மாமா.

மாமாவின் கார் எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூளையைப் பயன்படுத்துவது கஷ்டம். இருந்தாலும் நான் முயன்றேன்.

"மாமா, போட்டிக்காரன் எவனோதான். கொக்கி அக்கா இருக்கிற வரைக்கும் மத்தவங்களுக்கு இழுவை கிடைக்காது. துறையில வண்டி நின்னப்ப நைசா வந்து உருவிட்டான்."

"துறை பூட்டுனது அன்னிக்குக் காலையில. அவங்க அங்க நிக்கப் போறாங்கன்னு போட்டிக்காரனுக்கு ஜோசியம் தெரியுமா?"

"அப்ப படகு முதலாளி. பழைய படகு, உடைச்சுட்டுப் புதுசு கேக்கலாம்னு..."

"முதலாளி கூடவே வரல. மாப்ள, உங்களுக்கு வேலை ஏன் போச்சுன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது."

ஏரித் துறை அமைதியாக இருந்தது. தண்ணீருக்குள் இறங்குகிற சிமெண்டுச் சரிவுக்கு முன்னால் சங்கிலி கட்டி, தடை என்று பலகை தொங்கவிட்டிருந்தார்கள். சரிவுக்கு மேலே ஒரு முற்றம். அதன் ஓரத்தில் இடுப்பளவு சுவர். கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காவலாளி. இரண்டு நாளைக்கு முன்னால் வந்த மாற்று ஆளாம். யாராவது பேச வருவார்களா என்று காத்துக்கிடந்தவர் மாதிரி, கேட்பதற்கு முன்பே கொட்டினார்.

"படகு கொண்டாறவங்க எல்லாரும் மொதல்ல இந்த முத்தத்துலதான் சார் நிறுத்துவாங்க. பெல்ட்டு, முட்டு எல்லாத்தையும் அவுத்து இந்தச் சுவர் மேல வைப்பாங்க. மூடியைப் போடுவாங்க. எல்லாம் ரெடியான பிறகுதான் சரிவுல ரிவர்ஸ். சரிவுல நின்னுக்கிட்டு அவுத்தா, பின்னாடி வரிசையில நிக்கிறவன் அம்மா அப்பாவையெல்லாம் இழுப்பான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர்கள் இந்த முற்றத்தில் நின்றிருக்கிறார்கள். பழக்க தோஷத்தில் முட்டைக் கழற்றி, மூடியைப் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகுதான் துறை பூட்டியிருக்கும் சங்கதி தெரிந்திருக்கிறது.

"அன்னிக்கு டூட்டியில இருந்தது யாரு?" என்றார் மாமா.

"பெரியவர் ஒருத்தர். பாவம் சார், அவரு கதை வேற. காலையில பத்தரை மணிக்கு டூட்டியை விட்டுட்டு, கேட்டைக்கூடப் பூட்டாம வண்டியை எடுத்துக்கிட்டு எங்கயோ போயிட்டாரு. ரிஜிஸ்டர்ல ஒரு வரி எழுதல. போன இடத்துல ஆக்சிடென்ட். இப்ப ஆஸ்பத்திரியில கிடக்காரு. ஊர் சுத்தப் போனாருன்னு ஆபீஸ்ல மெமோவும் குடுத்துட்டாங்க."

நான் அவர் பக்கம் நெருங்கினேன். "என்ன ஆக்சிடென்ட்?"

"முன்னாடி போன டிரெய்லர்லேருந்து ஏதோ ஒடஞ்சு மேல விழுந்துச்சாம்."

காருக்குத் திரும்புவதற்குள் என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா! அடிபட்ட ஆளே இந்த வாட்ச்மேன்தான்! அவர்தான் முட்டைச் சுருட்டியிருக்காரு. அவங்களோட சண்டை ஏதாவது வந்திருக்கும். கால் எப்ப உடையுதுன்னு வேடிக்கை பாக்கப் பின்னாடியே போயிருக்காரு. நல்லா வேணும்!"

மாமா காரில் ஏறினார். வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே, சுவரோடு சேர்த்துப் போட்ட இரும்பு பெஞ்சில் காவலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மடியில் ஒரு தோள்பை. அதன் வாரைக் கையில் சுற்றி வைத்திருந்தார்.

மாமா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். "எப்படிம்மா இருக்காரு?"

"அப்படியேதான் இருக்காரு. கூப்பிட்டா விரல் அசையுது, கண்ணு தொறக்கல." அவர் பையின் வாரை இன்னொரு சுற்று சுற்றினார். "ஆபீஸ்லேருந்து வந்தாங்க. எப்படி இருக்காருன்னு கேப்பாங்கன்னு பாத்தா, காயிதத்தை நீட்டறாங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் டூட்டியை விட்டு நகர்ந்ததில்ல சார் அவரு. எதுக்குப் போனாரு, எங்க போனாருன்னு எனக்கே தெரியல. நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

"இது அவர் பையா?"

"ஆம்புலன்ஸ்ல வந்தவங்க குடுத்தாங்க. உள்ள சாப்பாட்டு டப்பா, கண்ணாடி. அப்புறம் ஏதோ ரெண்டு குழாய். வீட்டுக் குழாய் ரிப்பேர் பண்ணக் கொண்டாந்தாரு போலன்னு நெனச்சேன்."

அவர் அதை வெளியே எடுத்தார். முழ நீளத்தில் இரண்டு கறுப்புக் குழாய்கள். நீளவாக்கில் பிளந்தவை. வெளிப்பக்கம் காய்ந்த சேறு. உள்பக்கம் பளிச்சென்று இருந்தது.

என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. "பாத்தீங்களா மாமா, நான் சொன்னேன்ல! திருடினது இவர்தான்!"

அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"மாப்ள," என்றார் மாமா. குரல் உயரவில்லை, ஆனால் கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் அவர் என்னை அப்படி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. "திருடினவன் பொருளைத் தூக்கிக்கிட்டு எதிர்ப்பக்கம் ஓடுவான். பறிகொடுத்தவங்க பின்னாடியே பன்னெண்டு கிலோமீட்டர் ரோட்டுல துரத்திக்கிட்டு வரமாட்டான். சுவர் மேல மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க. இது இல்லாமப் போனா என்ன ஆகும்னு துறையில வேலை பாக்கற இவருக்குத் தெரியும். கேட்டைப் பூட்டக்கூட நிக்கல. குடுத்துடலாம்னு துரத்தியிருக்காரு."

நான் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. குழாய் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரு மறந்து வச்சது?" என்று கடைசியில் கேட்டார்.

"கீழ உட்கார்ந்திருக்காரு. வரும்போதே பாத்தேன்," என்றார் மாமா.

நான் பார்க்கவில்லை. ஆனால் படியிறங்கிப் போனபோது, சீட்டு எழுதுகிற ஜன்னலுக்கு எதிரே, தூணுக்குப் பின்னால் தம்பி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். எங்களுக்குப் பின்னால் குழாய்களோடு வந்த அம்மாளைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா கூட இருங்கன்னா இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க," என்றார் மாமா. "ரெண்டு நாளும் வந்தீங்களா?"

தம்பி தலையசைத்தார்.

"மேல போகல?"

"கால் வரல சார்."

"முட்டு எப்படி மாட்டுவீங்கன்னு காலையில கேட்டேன். உள்ளங்கையால வச்சு அழுத்தித்தான் அதை மாட்ட முடியும். நீங்க நெம்பி இழுத்துக் காட்டினீங்க. அது கழட்டற விதம். மாட்டறது எப்பவும் அக்கா, கழட்டறது எப்பவும் நீங்க. அதனாலதான் உங்க கைக்கு அது மட்டும் பழகியிருக்கு. முற்றத்துல வண்டியை விட்டு நீங்க இறங்கினீங்க தம்பி."

நான் எதிர்பார்த்த மறுப்பு வரவில்லை. அவர் முகத்தில் வந்தது நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது.

"ஏய்யா, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே எங்களைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சியா? காலையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"என்னால சொல்ல முடியாது சார். அக்கா தன் தலையில என் கையை வச்சுச் சத்தியம் வாங்கிட்டா. என் வாயால சொல்ல மாட்டேன்னு. அடுத்தவங்களா கண்டுபிடிச்சா அது நான் சொன்னதாகாதுல்ல? அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க என்னைப் புடிச்சிடுவீங்கன்னுதான் வந்தேன்."

தன்னைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லி வந்த கட்சிக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதன் பிறகு அவரை யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. "முட்டைக் கழட்டி, மூடியைப் போட்டுட்டு நிமிர்ந்தேன். அப்பத்தான் இவங்க வீட்டுக்காரர் வந்து துறை பூட்டியிருக்குன்னாரு. எனக்கு ஆத்திரம். மழையில இவ்வளவு தூரம் வந்திருக்கோம், முன்னாடியே போர்டு வச்சிருந்தா என்னன்னு கத்தினேன். குழாயைச் சுவர் மேல வச்சுட்டு ரெண்டு கையையும் நீட்டி நீட்டிக் கத்தினேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசல. வண்டியில ஏறினதும் அக்கா கேட்டா, 'முட்டு இருக்காடா?'ன்னு. நான் இருந்த கோவத்துல 'இருக்கு, இருக்கு, எடு'ன்னுட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்புறம்?"

"அஞ்சாறு கிலோமீட்டர் போனதும் பின்னாடி ஒரே ஹாரன் சத்தம். கண்ணாடியில பாத்தேன். அவர்தான். ஒரு கையைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கிட்டே வந்தாரு. நான் பேசுன பேச்சுக்குச் சண்டை போடத்தான் வர்றாருன்னு நெனச்சேன். அக்கா ஓரங்கட்டறேன்னா. நான்தான்... 'நிறுத்தாதக்கா, அந்தாளு வம்புக்கு வர்றான், போ'ன்னேன்." அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். "வேகத்தடை வந்துச்சு. சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பாத்தா, அவர் பையிலேருந்து குழாய் நீட்டிக்கிட்டு இருக்கு. அக்காவும் பாத்துட்டா. ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே சத்தியம் வாங்கிட்டா. அடுத்த மாசம் எனக்குத் துறைமுகத்துல வேலைக்குச் சேரணும். கேஸ் இருந்தா எடுக்க மாட்டாங்க."

சீட்டு ஜன்னலில் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்குத் தம்பியை அறையவேண்டும் போலவும் இருந்தது, பக்கத்தில் உட்காரவேண்டும் போலவும் இருந்தது.

மாமா சொன்னார், "நாங்க போய்ச் சொன்னா அது எங்க யூகம். ஹாரன் அடிச்சதை நாங்க கேக்கல, நீங்கதான் கேட்டீங்க. நீங்களே சொன்னாத்தான் உங்க அக்கா கையெழுத்துப் போடறது நிக்கும்."

"சத்தியத்தை மீறினா அக்காவுக்கு ஏதாவது ஆயிடும் சார்."

அப்போதுதான் அந்த அம்மாள் பேசினார்.

"உங்க அக்கா தலைக்கு என்னமோ ஆயிடும்னு பயப்படறியே தம்பி. மேல வந்து பாரு. எங்க வீட்டுக்காரர் தலையில பதினாலு தையல்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"உன்னைத் திட்டறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல," என்றார் அவர். "நீ கத்தினதுக்குப் பிறகும் உனக்காகத்தான் ஓடி வந்திருக்காரு. அதைப் போய்ச் சொல்லு. இந்தா, புடி."

குழாய்களை அவர் நீட்டிக்கொண்டே நின்றார். தம்பி எழுந்து அவற்றை வாங்கிக்கொள்ள வெகு நேரம் ஆனது.

ஸ்டேஷனுக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம். இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு எதிரே கொக்கி அக்கா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, காய்ப்புக் காய்த்த கைகள். எழுதித் தயாராக இருந்த தாள் அவர் முன்னால் இருந்தது. பேனாவைக்கூடத் திறந்துவிட்டார்.

தம்பி நேரே போய் இரண்டு குழாய்களையும் அந்தத் தாளின் மேல் வைத்தார். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுவர், கத்தல், ஹாரன், எதையும் விடவில்லை. நிறுத்தாதே என்று தான் சொன்னதை இரண்டு தடவை சொன்னார்.

கொக்கி அக்கா எழுந்து தம்பியின் சட்டையைப் பிடித்தார்.

"சத்தியம் பண்ணியேடா பாவி!"

"பண்ணினேன். மீறிட்டேன்கா. உனக்கு வர்றது எதுவா இருந்தாலும் எனக்கு வரட்டும்."

பிடித்த பிடியை அக்கா விடவில்லை. அறைவார் என்று நினைத்தேன். அவர் கை மெல்லத் தளர்ந்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் குழாயை ஒதுக்கித் தாளை இழுத்தார். "அப்ப நீங்க எங்கிட்டச் சொன்னது பொய்யாம்மா?"

"தப்பு என்னுதுன்னு சொன்னது பொய் இல்ல சார். ஓட்டறவ நான். ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் இறங்கிப் போய்ப் பாத்திருக்கணும். பதினேழு வருஷமா அப்படித்தான் பாத்தேன், அன்னிக்குப் பாக்கல. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா முட்டை மறந்துட்டேன்னு எழுதியிருக்கே, அந்த வரியை மட்டும் அடிச்சிடுங்க."

"அடிச்சுட்டு என்னன்னு எழுதறது?"

"இருக்கான்னு கேட்டேன். இருக்குன்னு சொன்னான். நம்பிட்டேன்னு எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் புதுத் தாள் எடுத்து எழுத ஆரம்பித்தார். தம்பி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வரி எழுதி முடிகிற வரைக்கும் அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.